சின்ன யூடியூப் சேனலில் காசு எப்போது வரும்? மிக்சி ரிப்பேர் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை சிங்காநல்லூரில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 2021 ஆகஸ்டிலிருந்து அதே வேலையைப் பற்றி யூடியூபில் ஒரு சேனலும் நடத்துகிறேன். இன்னும் பத்தாயிரம் சப்ஸ்கிரைபரைத் தொடாத சேனல்தான். ஆனாலும் "உங்களுக்கு யூடியூப்ல காசு வருதாமே?" என்று கேட்பதற்காகவே ஜாரைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது? இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

சேனல் ஆரம்பித்து எத்தனை மாதத்தில் காசு பார்க்கலாம்?

எனக்கு இரண்டு வருடம் ஏழு மாதம் ஆனது. முதல் வீடியோ 2021 ஆகஸ்ட். ஆயிரம் சப்ஸ்கிரைபர் சேர்ந்தது 2023 பிப்ரவரி. பார்வை நேரக் கணக்கு அந்த ஜூனில் முடிந்தது, ஜூலையில் விளம்பரம் ஓட அனுமதி கிடைத்தது. வங்கிக் கணக்கில் முதல் பணம் விழுந்தது 2024 மார்ச்சில்தான். 104 டாலர். வங்கி தன் கட்டணத்தைப் பிடித்ததுபோக 8,420 ரூபாய். அதுவரை போட்டிருந்த வீடியோ 143. வகுத்துப் பார்த்தால் ஒரு வீடியோவுக்கு 59 ரூபாய். மிக்சிக்கு ஒரு கப்ளர் (ஜாரையும் மோட்டாரையும் இணைக்கிற துண்டு) மாற்றினால் அதைவிட அதிகம் கூலி வாங்குவேன்.

என்னைவிடச் சீக்கிரம் வாங்கியவர்களும் உண்டு, நாலு வருடமாகியும் வாங்காதவர்களும் உண்டு. "மூன்றே மாதத்தில்" என்று தலைப்பு வைத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

விதிமுறை என்ன? 500 பேர் போதுமா, 1,000 பேர் வேண்டுமா?

இரண்டு படி இருக்கிறது. வீடியோவில் விளம்பரம் ஓடி அதில் பங்கு வர வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபரும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். மணி நேரத்துக்குப் பதிலாகக் கடைசி 90 நாளில் ஷார்ட்ஸுக்கு (செங்குத்தாக ஓடுகிற குட்டி வீடியோ) ஒரு கோடி வியூஸ் இருந்தாலும் சரி. இந்த ஆயிரம், நாலாயிரம் கணக்கு 2018-ல் வந்தது. அதற்கு முன்னால் மொத்தம் பத்தாயிரம் வியூஸ் இருந்தாலே போதும் என்று ஒரு காலம் இருந்தது. அப்போதே ஆரம்பித்திருக்கலாம் என்று நானும் புலம்பியிருக்கிறேன்.

2023-ல் கீழே இன்னொரு படி வைத்தார்கள். 500 சப்ஸ்கிரைபர், 90 நாளில் மூன்று வீடியோ, அதோடு 3,000 மணி நேரம் அல்லது 30 லட்சம் ஷார்ட்ஸ் வியூஸ். இதில் விளம்பரப் பங்கு கிடையாது. பார்க்கிறவர்கள் விரும்பிக் கொடுக்கிற சூப்பர் தேங்க்ஸ், மெம்பர்ஷிப் மாதிரியானவை மட்டும். என் சேனலில் கப்ளர் கழற்றுவதைப் பார்த்துவிட்டு யாரும் மனமுருகிக் காசு கொடுக்கப்போவதில்லை. பாட்டு, கதை, ஜோதிடம், விளையாட்டு லைவ் என்று ஆட்கள் ஒட்டிக்கொள்கிற விஷயமென்றால் உங்களுக்கு உதவும்.

4,000 மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய மலை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,000 மணி என்றால் 2,40,000 நிமிடம். உங்கள் வீடியோவை ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார் என்று வையுங்கள். 80,000 வியூஸ் வேண்டும். வருடத்துக்கு 80,000 என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 220. இரண்டு நிமிடம்தான் பார்க்கிறார் என்றால் 1,20,000.

நாளைக்கு 220 பேர் என்பது முடியாத காரியம் இல்லை. ஆனால் கடைசி 12 மாதம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். போன வருடம் இதே மாதம் ஒரு வீடியோ நன்றாக ஓடியிருந்தால், இந்த மாதம் அந்த மணி நேரம் கணக்கிலிருந்து நழுவும். நான் ஒருமுறை 3,400-ஐத் தொட்டுவிட்டு, அடுத்த மாதம் 3,150-க்கு இறங்கினேன். ஏதோ கோளாறு என்று நினைத்து ராத்திரி இரண்டு மணி வரை போனை நோண்டினேன். கோளாறெல்லாம் இல்லை, தேதிதான் நகர்ந்திருந்தது.

இன்னொன்று. நீங்கள் அழித்த வீடியோ, பிரைவேட் ஆக்கிய வீடியோ, காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டிய வீடியோ இவற்றின் நேரம் சேராது. பழைய வீடியோ அசிங்கமாக இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். என் முதல் வீடியோவில் பாதி நேரம் என் கட்டை விரல்தான் தெரியும். இன்னும் வைத்திருக்கிறேன்.

ஷார்ட்ஸ் போட்டால் சீக்கிரம் ஏறிவிடாதா?

சப்ஸ்கிரைபர் ஏறும். ஆனால் ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடுகிற நேரம் அந்த 4,000 மணியில் சேராது. அப்படி வந்தவர்கள் பத்து நிமிட வீடியோவை உட்கார்ந்து பார்ப்பதும் குறைவு. நீள வீடியோவுக்கு வாசல் பலகை மாதிரி வைத்துக்கொள்ளலாம். நானும் மாதம் இரண்டு போடுகிறேன், அதற்கு மேல் மெனக்கெடுவதில்லை.

எந்த வீடியோ ஓடும் என்று எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் எது ஓடியது என்று சொல்கிறேன், அதில் ஒரு பாடம் இருக்கிறது.

என் சேனலில் அதிகம் பேர் பார்த்தது 1 நிமிடம் 50 வினாடி வீடியோ. மிக்சிக்கு அடியில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஓவர்லோடு சுவிட்ச். மாவு கெட்டியாகிவிட்டாலோ, ஜாரில் அளவுக்கு மேல் போட்டுவிட்டாலோ மோட்டார் கருகாமல் இருக்க அது தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு கரண்டை நிறுத்திவிடும். பிளக்கைப் பிடுங்கி, மிக்சியைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, அந்தப் பட்டனை உள்ளே அமுக்கினால் மறுபடி ஓடும். இது தெரியாமல் பஸ்ஸில் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ரெண்டு பேராவது உண்டு. பட்டனை அமுக்கிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மனசு வராது. அப்படி ஒரு அம்மா வந்துவிட்டுப் போன அன்றைக்குத்தான் இதை எடுத்தேன். முகம் காட்டவில்லை, முன்னுரை இல்லை, மிக்சியைக் கவிழ்த்தேன், காட்டினேன், அவ்வளவுதான்.

முதல் மாதம் 90 வியூஸ். "இதுவும் போச்சு" என்று விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்துத் தீபாவளிக்கு முந்தின வாரம் அது திடீரென்று ஏற ஆரம்பித்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிந்தது. வீட்டுக்கு வீடு முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு அரைக்கிற வாரம் அது. மிக்சி நிற்கிறது, போனை எடுத்துத் தேடுகிறார்கள். பொங்கலுக்கு முன்னாலும் அதே மாதிரி ஏறியது.

இன்னொரு விஷயம் தலைப்பு. முதலில் நான் வைத்திருந்தது 'மின் அரவை இயந்திரம் பழுது நீக்கும் முறை'. தமிழாசிரியர் பார்த்தால் சந்தோஷப்படுவார். ஆனால் அடுப்பில் பாதிக் குழம்போடு நிற்கிறவர் அப்படியா தேடுவார்? 'மிக்சி ஓடல', 'மிக்சி திடீர்னு நின்னு போச்சு' என்று தட்டுவார், அதையும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். கடைக்கு வருகிறவர் கல்லாவில் நின்று சொல்கிற முதல் வாக்கியத்தையே தலைப்பாக வைத்தேன். அன்றிலிருந்து தலைப்புக்கு மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

ஆனால் அந்தச் சின்ன வீடியோ மணி நேரக் கணக்குக்குப் பெரிதாக உதவவில்லை. சராசரியாக 70 வினாடி பார்க்கிறார்கள், பத்தாயிரம் வியூவுக்கு 194 மணி நேரம்தான். மணி நேரம் கொடுத்தது டேபிள்டாப் கிரைண்டரை முழுசாகப் பிரித்து பெல்ட் மாற்றுகிற 17 நிமிட வீடியோ. அதைப் பார்க்கிறவர் கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார், சராசரி ஐந்து நிமிடம். இருபதாயிரம் வியூவில் 1,600 மணிக்கு மேல் வந்துவிட்டது. சின்னது ஆளைக் கூட்டி வந்தது, பெரியது உட்கார வைத்தது.

என்ன கேமரா, என்ன மைக்?

போன்தான். காலர் மைக் ஒன்று வாங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதே போதும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் கரகரத்தால் போய்விடுவார்கள். ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். என் தொழிலில் மிக்சி ஓடும்போது பேசவே கூடாது. ஓட்டிக் காட்டிவிட்டு, நிறுத்தியபிறகு பேசுவேன். வெளிச்சத்துக்கு ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு, எதிரே ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைப்பேன்.

தினமும் வீடியோ போட வேண்டுமா?

முதல் இரண்டு மாதம் தினமும் போட்டேன். மூன்றாம் மாதம் கடை வேலையும் கெட்டது, வீடியோவும் கெட்டது. இப்போது வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில். முடியாத வாரம் விட்டுவிடுவேன். ஆனால் அனுமதி வாங்கியபிறகு ஆறு மாதத்துக்கு மேல் எதுவுமே போடாமல் விட்டால் அனுமதியை எடுத்துவிடலாம் என்று விதி இருக்கிறது. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனுங்கண்ணா, நான் உங்களுக்கு சப்ஸ்கிரைப் பண்றேன், நீங்க எனக்குப் பண்ணுங்க. சரிங்களா?

வேண்டாங்க தம்பி. ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதும், காசு கொடுத்து ஆள் சேர்ப்பதும் யூடியூப் விதிப்படி தப்பு. தப்பு என்பதைவிட, அது பிரயோஜனம் இல்லாதது. என் சேனலில் மிக்சியே வைத்திருக்காத முந்நூறு பேர் சேர்ந்தால், புது வீடியோ போடும்போது அவர்கள் யாரும் பார்க்க மாட்டார்கள். நம் ஆட்களே பார்க்காத வீடியோவை யூடியூப் வெளியாளுக்கு ஏன் காட்டப்போகிறது? நானும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டு 60 பேரைச் சேர்த்தேன். அதில் என் மச்சினன் ஒருவர்தான் பார்க்கிறார், அதுவும் தப்புக் கண்டுபிடிக்க.

எட்டு மாதமாகப் போடுகிறேன், நூறு வியூஸைத் தாண்டவில்லை. விட்டுவிடலாமா?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான். நானும் விட்டவன்தான். 2022 மார்ச்சிலிருந்து நான்கு மாதம் ஒரு வீடியோகூடப் போடவில்லை. "ஏனுங்க, இது கரண்ட் பில்லுக்காவது வருமா?" என்று வீட்டில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

திரும்பி வந்ததற்குக் காரணம் பெரிய வைராக்கியமெல்லாம் இல்லை. ஜார் பிளேடு புஷ்ஷில் ஏன் தண்ணீர் இறங்குகிறது, எப்போது புஷ் மாற்றினால் போதும், எப்போது ஜாரையே மாற்ற வேண்டும் என்பதை வருகிற எல்லாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். ஒருநாள் தொண்டை கட்டியிருந்தது. பேச முடியாமல் என் பழைய வீடியோவையே போனில் போட்டுக் காட்டினேன். வந்தவர் பார்த்தார், "சரி, புஷ்ஷே மாத்திருங்க" என்றார். பேரம் பேசவில்லை. அப்புறம் போனில் விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்வதற்குப் பதிலாக லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தேன். யூடியூப் ஒரு பைசா தராத காலத்திலேயே அந்த வீடியோக்கள் என் கடையில் சம்பளமில்லாத பையன் மாதிரி வேலை செய்தன. அதற்கப்புறம் வியூஸ் எண்ணிக்கை என்னை அவ்வளவாக உலுக்கவில்லை.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காசே வராவிட்டாலும் இந்த வீடியோவால் உங்களுக்கு வேறு உபயோகம் உண்டா? டியூஷன் எடுக்கிறவர் என்றால் பிள்ளைகளுக்கு அனுப்பலாம். தையல்காரர் என்றால் ஜாக்கெட் அளவு எப்படி எடுத்து அனுப்ப வேண்டும் என்று காட்டலாம். அப்படி எதுவுமே இல்லாமல் காசு ஒன்றையே நம்பி எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு வருடம் தாக்குப் பிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது, விடுவதற்கு முன்னால் யூடியூப் ஸ்டுடியோவை (நம் சேனலின் கணக்கு வழக்கைக் காட்டுகிற இடம்) திறந்து, பார்ப்பவர்கள் எந்த வினாடியில் போகிறார்கள் என்று காட்டுகிற வரைபடக் கோட்டைப் பாருங்கள். என் பழைய வீடியோக்களில் 25-வது வினாடிக்குள் பாதிப் பேர் போயிருந்தார்கள். அந்த 25 வினாடியில் என்ன இருந்தது தெரியுமா? சுழன்று வருகிற லோகோ, "வணக்கம் நண்பர்களே", பெல் பட்டனை அமுக்கச் சொல்கிற மன்றாடல். மிக்சி நின்றுபோன அவசரத்தில் வந்தவரிடம் மணி அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை வெட்டினேன். வேறு எதையும் மாற்றவில்லை, சராசரிப் பார்வை நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் கூடியது.

ஐம்பது வீடியோ போட்டாகிவிட்டது, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றைத் திருத்தியாகிவிட்டது, இருந்தும் தேடலிலிருந்து முன்பின் தெரியாத ஆள் ஒருவர்கூட வரவில்லை என்றால் அப்போது விஷயத்தை மாற்றுங்கள். ஐம்பத்தொன்றாவதையும் அதே மாதிரி போடுவது விடாமுயற்சி ஆகாது, செக்கு சுற்றுவதுதான்.

வில்லேஜ் குக்கிங் சேனல் மூன்றே வருடத்தில் கோடியைத் தொட்டதே?

தொட்டார்கள், உண்மை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-ல் ஆரம்பித்து, 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர் சேர்த்த முதல் தமிழ்ச் சேனல் அவர்கள். ஆனால் அங்கே சமையல் தொழில் தெரிந்த பெரியதம்பி தாத்தாவும், கூடவே பேரன்கள் ஒரு குழுவாகவும் இருந்தார்கள். அண்டா, விறகு, வயல்வெளி, சமைத்ததைச் சாப்பிட ஊர் ஜனம் எல்லாம் சேர்ந்த காட்சி அது. தமிழ் தெரியாதவரும் பார்க்கலாம். மிக்சி கார்பன் பிரஷ் மாற்றுவதை மொழி தெரியாதவர் எதற்குப் பார்ப்பார்? அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. தங்களுக்குத் தெரிந்த வேலையை, தங்கள் இடத்திலேயே வைத்துச் செய்தார்கள். எண்ணிக்கையை மட்டும் அவர்களோடு ஒப்பிடாதீர்கள், வயிறு எரியும்.

1,000 பேர், 4,000 மணி என்கிற அளவு முடிந்ததும் தானாகக் காசு வருமா?

இல்லை. விண்ணப்பிக்க வேண்டும், சேனலைப் பார்த்து முடிவு சொல்வார்கள். பொதுவாக ஒரு மாதம் ஆகலாம். நிராகரித்தால் 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், இல்லையென்றால் முதல் தடவை 30 நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

பெரும்பாலும் தடுக்கி விழுவது 'ரீயூஸ்டு கன்டென்ட்', அதாவது அடுத்தவர் வீடியோவை எடுத்துப் போடுவது என்கிற இடத்தில். எனக்குத் தெரிந்த ஒருவர் சினிமா நகைச்சுவைக் காட்சிகளை வெட்டி ஒட்டி 3,000 சப்ஸ்கிரைபர் சேர்த்தார். விண்ணப்பித்தார், போயிற்று. அடுத்தவர் படத்தை வைத்து எத்தனை மணி நேரம் சேர்த்தாலும் நம் கணக்கில் காசு வராது. 2025 ஜூலையிலிருந்து ஒரே அச்சில் வார்த்து எடுத்த மாதிரியான வீடியோக்களைப் பற்றிய விதியையும் விளக்கமாக எழுதிவிட்டார்கள். கம்ப்யூட்டர் குரலில் ஒரே மாதிரி ஒரு நாளைக்குப் பத்து போடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பின் நம்பர் தபாலில் வரவில்லை, என்ன செய்வது?

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் விலாசத்தைச் சரிபார்க்க ஆட்சென்ஸிலிருந்து (விளம்பரக் காசு சேர்ந்து நமக்கு வருகிற கூகுள் கணக்கு) ஆறு இலக்க எண் தபாலில் வரும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

எனக்கு முதல் கடிதம் வரவே இல்லை. தப்பு என்னுடையது. எங்கள் தெருவில் பழைய எண், புதிய எண் என்று ரெண்டு உண்டு. நான் புதிய எண்ணை மட்டும் போட்டிருந்தேன். ஆனால் தபால்காரருக்கு அந்த எண் என்றால் மூன்று வீடு தள்ளி இருக்கிற வீடு. அந்த வீட்டு ஆயா ஏதோ விளம்பர நோட்டீஸ் என்று நினைத்து ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார். சாதாரணமாக மடித்த காகிதம் மாதிரிதான் இருக்கும், குப்பையோடு போகிற வாய்ப்பு அதிகம். விலாசத்தில் இரண்டு எண்ணையும் போடுங்கள், போன் நம்பரையும் சேர்த்துவிடுங்கள், தபால்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வராவிட்டால் மறு எண் கேட்டு வாங்கலாம்.

பணம் எப்படி வரும்? வரி பிடிப்பார்களா?

இந்த மாத வருமானம் அடுத்த மாதம் 7-லிருந்து 12-ம் தேதிக்குள் ஆட்சென்ஸில் ஏறும். மொத்தம் 100 டாலர் சேர்ந்திருந்தால் 21-லிருந்து 26-க்குள் வங்கிக்கு அனுப்புவார்கள். சேரவில்லை என்றால் அப்படியே அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். எனக்கு ஆரம்பத்தில் மாதம் 14 டாலர்தான், அதனால்தான் ஏழு மாதம் இழுத்தது. வங்கியில் ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வர வங்கிக்கு உள்ள அடையாளக் குறி) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னக் கிளையில் "இது என்ன பணம்?" என்று கேட்பார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த விளம்பர வருமானம் என்று சொல்லிப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும்.

அமெரிக்க வரிப் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். 2021-லிருந்து அமெரிக்காவில் இருக்கிறவர்கள் பார்த்து வந்த பங்குக்கு மட்டும் அங்கே வரி பிடிக்கிறார்கள், இந்தியர்களுக்கு ஒப்பந்தப்படி 15 சதவீதம். உங்களுக்கு 1,000 டாலர் வந்து, அதில் 100 டாலர் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது என்றால் பிடிப்பது 15 டாலர்தான். படிவமே கொடுக்காமல் விட்டால் மொத்தத் தொகையிலும் 24 சதவீதம், அதாவது 240 டாலர் போகும். பத்து நிமிட வேலையைச் சோம்பல்பட்டு விடாதீர்கள்.

இங்கே வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும். என் ஆடிட்டர் கடைக் கணக்கோடு சேர்த்துவிட்டார். ஜி.எஸ்.டி. பதிவு என்பது சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டும்போது வருகிற பேச்சு. அந்தக் கவலை வந்தால் இனிப்பு வாங்கித் தருகிறேன்.

ஆயிரம் வியூவுக்கு எவ்வளவு?

ஒரே ரேட் கிடையாது. நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் நமக்கு. ஷார்ட்ஸில் எல்லாருக்கும் சேர்த்து வைக்கிற பொதுத் தொகையிலிருந்து நம் பங்காக ஒதுக்குவதில் 45 சதவீதம். என் சேனலில் நீள வீடியோவுக்கு ஆயிரம் வியூவுக்கு 25 முதல் 40 ரூபாய் வரை வந்திருக்கிறது. தீபாவளி சமயத்தில் கூடும், ஜனவரியில் சப்பென்று விழும். ஷார்ட்ஸில் வருவதை டீக்கடையில் வைத்துவிட்டு வரலாம்.

யார் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவுக்குப் போகிற நம் ஆட்கள் பெட்டியில் மிக்சியை வைத்து எடுத்துப் போவார்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம் மிக்சி 230 வோல்ட்டுக்குச் செய்தது. ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டினால் நோயாளி மாதிரி முனகும், அரைக்காது. இதைப் பற்றி ஒரு வீடியோ போட்டேன். மொத்தமே 2,300 பேர்தான் பார்த்தார்கள். ஆனால் ஆயிரம் வியூவுக்கு வந்த காசு மற்றதைப் போல ஆறு மடங்கு. வீடியோ எட்டு நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். ஆனால் அதற்காக இழுக்காதீர்கள், ஆள் ஓடிவிடும்.

வீடியோவில் பின்னணியில் சினிமாப் பாட்டு வந்துவிட்டது. சேனல் போய்விடுமா?

பயப்படாதீர்கள். பக்கத்து டீக்கடை ஸ்பீக்கரில் ஓடிய பாட்டு என் வீடியோவில் விழுந்து எனக்கும் இப்படி வந்தது. அது 'கிளெய்ம்', அந்த வீடியோவின் விளம்பரக் காசு பாட்டின் உரிமையாளருக்குப் போகும். 'ஸ்டிரைக்' என்பது வேறு, உரிமையாளர் புகார் செய்து வீடியோவையே நீக்க வைப்பது, 90 நாளில் மூன்று வாங்கினால் சேனலே மூடப்படும். ஸ்டுடியோவிலேயே அந்தப் பாட்டு வருகிற துண்டை மட்டும் ஊமையாக்கலாம் அல்லது வெட்டலாம். இசை வேண்டுமென்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாக இருக்கிறது. நான் இப்போது டீக்கடையில் பாட்டு ஓடாத நேரம் பார்த்துத்தான் ஷூட்டிங் வைக்கிறேன்.

கம்பெனிகள் பொருள் அனுப்பிப் பேசச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் காசு வாங்கிக்கொண்டு அல்லது பொருளை ஓசியில் வாங்கிக்கொண்டு பேசுகிறோம் என்பதை வீடியோவிலேயே சொல்ல வேண்டும். ஒரே கம்பெனி வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கொடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) கணக்கும் உண்டு.

எனக்கு ஒரு கசப்பான அனுபவம். மூவாயிரம் ரூபாய் தருகிறோம் என்று ஒருவர் சொன்னார், வீடியோ போட்டபிறகு போனை எடுக்கவில்லை. இப்போது பாதிப் பணம் முதலில். மெயிலில் வருகிற ஃபைலைத் திறப்பதிலும் ஜாக்கிரதை. ஒப்பந்தம் என்ற பெயரில் கணக்கைத் திருடுகிற ஃபைல் அனுப்புகிறார்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பினால் தொடவே தொடாதீர்கள்.

5,000 ரூபாய் கட்டினால் ஒரு மாதத்தில் மானிட்டைசேஷன் (விளம்பரக் காசு வருவதற்கான அனுமதி) வாங்கித் தருகிறார்களாம்.

அவருக்கு ஒரு மாதத்தில் வருமானம் வரும், உங்களிடமிருந்து.

வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்கலாமா?

கூடாது. என் கணக்கைப் பார்த்த பிறகும் கேட்கிறீர்களே.

பையனுக்கு 15 வயது. சேனல் ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கட்டும். காசு வாங்கும் ஆட்சென்ஸ் கணக்குக்கு 18 வயது ஆக வேண்டும், அதுவரை பெற்றோர் கணக்கோடு இணைக்கலாம். பரீட்சை நேரத்தில் வியூஸ் பார்க்கிற பழக்கம் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கே அந்தப் பழக்கம் போக ஒரு வருடம் ஆனது.

இப்போது மாதம் எவ்வளவு வருகிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

போன மாதம் விளம்பரத்தில் சுமார் 3,900 ரூபாய். வீடியோவைப் பார்த்துவிட்டுத் திருச்சி, சேலம், மதுரை என்று வெளியூரிலிருந்து போன் செய்து கேட்டவர்களுக்குக் கப்ளர், புஷ், ஜார் மூடி வாஷர் எல்லாம் கூரியரில் அனுப்பியதில் செலவுபோக 5,200. வீடியோ பார்த்துவிட்டு நேரில் ரிப்பேருக்கு வந்தவர்கள் பதினோரு பேர், அந்தக் கூலியைத் தனியாக எழுதி வைக்கவில்லை. விளம்பரத்தைவிடக் கூரியர் உறைதான் அதிகம் தருகிறது. சின்னச் சேனல் வைத்திருக்கிற பலரும் இதையேதான் சொல்கிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கடைக் கரண்ட் பில்லை இப்போது இந்தக் காசில்தான் கட்டுகிறேன். வீட்டில் அந்தக் கேள்வி முடிந்து, "கடை வாடகைக்கு எப்ப வரும்?" என்பது ஆரம்பித்திருக்கிறது.